டொக்டர் ஆனந்திபாய் ஜோஷி: இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்பிய வைத்தியர்

நூற்றாண்டு மலருக்காக வைத்தியத் துறையில் முன்னோடியான ஒரு பெண்மணியைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நமக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு பழைய புகைப்படம். 1885 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எடுக்கப்பட்டது. அதில் மூன்று இளம் பெண்கள். இடப்பக்கம் சேலை உடுத்த ஒரு மராட்டியப் பெண். நடுவில் கிமோனோ அணிந்த கேய் ஒகாமி என்ற யப்பானியப் பெண். வலப்பக்கம் நாணயங்கள் கோத்த தலையணியோடு டமஸ்கஸ் நகரத்து சபாத் இஸ்லாம்பூலி. மூவரும் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் மாணவிகள். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

தேவாரம் பாடியவர்களும் செபம் சொன்னவர்களும் ஒரே மண்டபத்தில் நின்று வளர்ந்த நமக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 1885 இல், பெண்கள் மருத்துவம் படிப்பதே தகாத காரியம் என்று எண்ணப்பட்ட காலத்தில், தத்தம் நாட்டு உடையோடும் தத்தம் நம்பிக்கையோடும் அவர்கள் அங்கே இருந்தது எப்படி என்று கேட்டுப் பார்த்தால், சேலை உடுத்த அந்தப் பெண்ணின் கதைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அவர்தான் ஆனந்திபாய் ஜோஷி.

1865 மார்ச் 31 இல் பிறந்தவர். பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாணைச் சேர்ந்த பிராமணக் குடும்பம். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில் தபால் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்த கோபால்ராவ் ஜோஷிக்கு மணம் முடித்துக் கொடுத்தார்கள். அவர் மனைவியை இழந்தவர், யமுனாவிலும் ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஆனந்தி என்ற பெயர் அவர் வைத்தது.

கோபால்ராவைப் பற்றி எழுதுவது சுலபமில்லை. மனைவியைப் படிப்பிக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் அந்தக் காலத்து ஆண்கள் பலரிடம் இல்லாதது. அடுப்படியில் நேரம் போக்காமல் புத்தகத்தை எடு என்று கண்டித்த கணவர் அவர். அதே பிடிவாதம் அடியாகவும் இறங்கியது. பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது விறகுக் கட்டையால் அடி வாங்கியதை ஆனந்தி பின்னர் அமெரிக்காவிலிருந்து அவருக்கே கடிதத்தில் நினைவூட்டியிருக்கிறார். பெண் கல்வியின் காவலர் என்று கோபால்ராவைப் புகழும் கட்டுரைகளை நாம் நிறைய வாசித்திருக்கிறோம். அவற்றில் இந்த விறகுக் கட்டை வருவது அபூர்வம்.

பதினான்கு வயதில் ஆனந்திக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாளில் இறந்துபோனது. ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசி, நோயை மறைத்தே செத்துப்போன பெண்கள் எத்தனை பேர் என்று அந்தச் சிறுமி யோசிக்கத் தொடங்கினார். வைத்தியம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. மகப்பேற்று விடுதியில் வேலை செய்த எவரும் அந்தப் பத்து நாளை விளங்கிக்கொள்வார்கள்.

எங்கே படிப்பது என்பதுதான் சிக்கல். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 இலேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது உண்மை. ஆனால் கணவரோடு தெருவில் நடந்து போனதற்கே பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஏளனப் பேச்சுக் கேட்டவர் ஆனந்தி. இதற்கிடையில் கோபால்ராவ், ரோயல் வைல்டர் என்ற அமெரிக்க மிஷனரிக்கு எழுதி உதவி கேட்டிருந்தார். வைல்டரின் பதில், கிறிஸ்தவத்தை ஏற்றால் வழி பிறக்கும் என்ற விதமாக அமைந்தது. இருபக்கக் கடிதங்களையும் அவர் தம்முடைய மிஷனரிச் சஞ்சிகையில் அச்சிட்டும்விட்டார்.

அந்தக் கதவு மூடிய இடத்தில்தான் இன்னொன்று திறந்தது. 1880 இல் நியூஜேர்சியில் ரோசல் என்ற ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்பென்ரர் என்ற குடும்பப் பெண், பல் வைத்தியரின் முறைக்காகக் காத்திருந்த நேரத்தில் அந்தச் சஞ்சிகையைப் புரட்டினார். முன்பின் தெரியாத அந்த இந்தியச் சிறுமிக்கு எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மதம் மாறவேண்டும் என்ற நிபந்தனை அவர் கடிதத்தில் இல்லை. மூன்று வருடம் கடிதங்கள் போயும் வந்தும் அவர் ஆனந்திக்கு மாமி முறையானார்.

1883 பெப்ரவரி 24 இல், கல்கத்தாவை அடுத்த செராம்பூரில் கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி ஆங்கிலத்தில் ஒரு கூட்டத்துக்குப் பேசினார். பதினெட்டு வயது இன்னும் நிறையவில்லை. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று நம்பிய சமூகம், தனியே போகும் பெண்ணைப் பற்றி என்னென்ன பேசும் என்று தெரிந்த ஊர். தான் ஏன் போகிறேன், ஏன் இங்கே படிக்க முடியாது, ஏன் கணவர் கூட வரவில்லை என்று ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப் பதில் சொன்னார். இந்துவாகவே போவேன், அங்கே இந்துவாகவே வாழ்வேன் என்றும் அந்த மேடையில் உறுதி கூறினார். ஏப்ரலில் கப்பலேறி ஜூன் 4 இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தில் கார்பென்ரர் மாமி காத்து நின்றார்.

இனி, அவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1850 இல் தொடங்கிய அந்தக் கல்லூரி, வெளியே தள்ளப்பட்டவர்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட இடம். 1869 நவம்பரில் அதன் மாணவிகள் பென்சில்வேனியா வைத்தியசாலைக்கு நோயாளரை வைத்துக் கற்பிக்கும் வகுப்புக்குப் போனபோது, ஆண் மாணவர்கள் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அப்படி இழிவு கண்டவர்கள் பிறரை எல்லாம் அணைத்துக்கொள்வார்கள் என்று விதி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் பட்டதாரிகளில் 1867 இலேயே ரெபேக்கா கோல் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். ஒமாஹா பழங்குடியைச் சேர்ந்த சூசன் லா பிளெஷ் 1889 இல் அங்கே பட்டம் பெற்று, அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களில் முதல் வைத்தியரானார்.

அதே நேரத்தில் அது மிஷனரி வைத்தியர்களை உருவாக்கி அனுப்பிய கல்லூரியும்கூட. இந்தியாவுக்கு முதலில் வந்த மிஷனரிப் பெண் வைத்தியர் கிளாரா ஸ்வெயின் அங்கே படித்தவர். குண்டூரில் பெண்களுக்கு வைத்தியம் செய்த அன்னா கூக்லரும் அங்கே படித்தவர்தான். கூக்லர் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் அதே 1883 இல். கல்லூரி முதல்வர் ரேச்சல் பொட்லி இரசாயனம் கற்பித்த அறிஞர், ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுள்ளவர், மிஷன் பணியில் ஈடுபாடு கொண்டவர். மதம் மாறமாட்டேன் என்று பொதுமேடையில் சொல்லிவிட்டு வந்த பெண்ணை அவர் தம் கல்லூரியில் சேர்த்து, உதவித்தொகைக்கும் வழி செய்தார். நம்பிக்கை இல்லாத ஒருவருக்கு இன்னொருவரின் நம்பிக்கையை மதிப்பது பெரிய சிரமமில்லை. பொட்லி அம்மையாருக்கு அது சுலபமாக இருந்திருக்காது. அதனால்தான் அவர்மேல் நமக்குக் கூடுதல் மதிப்பு.

இங்கே நம்மூர் நினைவு ஒன்று குறுக்கே வருகிறது. மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1884 இல் மசச்சூசெட்சில் காலமானபோது, ஆனந்தி பிலடெல்பியாவில் முதலாண்டு மாணவி. கிறீனும் மிஷனரிதான். ஆனாலும் தம் மாணவர்கள் தமிழர்களாகவே, தமிழ் உடையிலும் பழக்கத்திலுமே இருக்கவேண்டும் என்று விரும்பியவர். அவர் கற்பித்தது ஆண்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கல்லூரி வாசல் திறந்தது. அதற்குள் வாழ்வது வேறு விடயம். ஒன்பது யார் மராட்டியச் சேலை நமது கடற்கரை வெயிலுக்கு ஏற்றது. கெண்டைக்காலையும் இடுப்பையும் முழுதாக மூடாது. பிலடெல்பியாவின் பனிக்காலத்தில் அதை உடுத்துக்கொண்டு சவப்பரிசோதனை வகுப்புக்கு நடப்பதை நினைத்துப் பார்க்கலாம். அவர் நீண்ட யோசனைக்குப் பிறகு கால்வரை மூடும் குஜராத்தி முறைக்கு மாறினார். ஐரோப்பிய உடைக்கு மாறவில்லை. உணவு சைவம். தானே சமைக்கவேண்டும். பகல் முழுக்க விரிவுரை, பின்னேரம் நோயாளர், இரவில் படிப்பு, இடையில் அடுப்பு. தலைவலியும் காய்ச்சலும் இருமலும் விட்டுவிட்டு வந்தன. மதம் மாறும்படி அன்பாகச் சொன்னவர்களும் அழுத்திச் சொன்னவர்களும் உண்டு. கணவர் இந்தியாவிலிருந்து சந்தேகக் கடிதங்கள் எழுதினார். அதற்கும் பதில் எழுதவேண்டும்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு நமது பல்கலைக்கழக விடுதிச் சாப்பாட்டறை ஞாபகம் வரும். வடக்கிலிருந்து போன நாமும், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும், கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளைகளும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் இருந்த காலம். எந்த மதத்தையும் எவரும் தடை செய்யவில்லை. அனுமதிக் கடிதத்தில் எல்லாரும் சமம். ஆனால் மீன் கறிக்குள் கிடந்த கரண்டியாலேயே பருப்பும் அள்ளப்பட்டது. வெள்ளிக்கிழமை விரதக்காரர் நாம் பாணும் வாழைப்பழமும் தின்றோம். முஸ்லிம் தோழிகளோ இறைச்சி எங்கே வாங்கியது என்று தெரியாமல், வாரக்கணக்கில் முட்டையோடு சமாளித்தார்கள். கேட்டால் தொந்தரவு கொடுக்கிறார்கள் என்று பெயர் வரும். ஒரு சிங்களத் தோழிதான், அவளுக்கு எதையும் சாப்பிடலாம், சமையற்காரரிடம் போய் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி வைத்தாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாம் எட்டு மாதம் கேட்காமல் இருந்திருந்தோம்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேறொரு சங்கடம். கை கழுவி உள்ளே போகுமுன் மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. அது நியாயமான விதி, நோயாளிக்காக இருப்பது. எமது கையில் கோயில் காப்பு நூல், பக்கத்தில் நின்றவளின் கையில் பிரித் நூல். மூத்த தாதி ஒருவர் இரண்டையும் கத்தரித்து, குப்பையில் போடாமல் ஒரு சிறு கடதாசியில் மடித்து ஆளுக்கொன்றாகத் திருப்பித் தந்தார். விதியும் காக்கப்பட்டது, நாமும் நோகவில்லை. அந்தத் தாதியின் பெயர் இப்போது நினைவில் இல்லை. கடதாசி மடிப்பு நினைவிருக்கிறது.

ஆனந்திக்கு பிலடெல்பியாவில் அப்படி ஒரு கரண்டியைக் கேட்டு வைக்க ஆள் எப்போதும் இருக்கவில்லை. இருந்த சிலரின் அன்புக்கு அவர் கடைசிவரை நன்றியோடு இருந்தார். விடுமுறைகளில் ரோசலுக்குப் போனால் மாமி வீட்டில் தேறுவார். ஆனால் நம்பிக்கையைக் காப்பதன் அன்றாடச் செலவு முழுவதும் அவர் தலையிலேயே விழுந்தது. அந்தச் செலவை உயர்ந்த தியாகம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக, வைத்தியராக நமக்கு மனம் வரவில்லை.

அவருடைய பட்டத்துக்கான ஆய்வு, ஆரிய இந்துக்களின் பிரசவ வைத்திய முறை பற்றியது. சமஸ்கிருத நூல்களில் கண்டதையும் அமெரிக்கப் பாடநூல்களில் கற்றதையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். வேறு எதை எழுதியிருந்தாலும் பேராசிரியர்கள் ஏற்றிருப்பார்கள். தன் நாட்டு அறிவை வாசலில் கழற்றி வைக்காமல் உள்ளே கொண்டுபோனார் என்பதுதான் அந்த ஆய்வில் நமக்குப் பிடித்தது.

1886 மார்ச் 11 இல் பட்டமளிப்பு. அதே ஆண்டில் கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் வைத்தியரானதால், இந்தியாவின் முதற்பெண் வைத்தியர் யார் என்ற வழக்கு இன்றும் நடக்கிறது. அது நடந்துகொண்டே இருக்கட்டும். விக்டோரியா மகாராணியிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. நம் கண் போவது மண்டபத்தில் இருந்த இன்னொருவரிடம். ஆனந்தியின் உறவினரான பண்டித ரமாபாய் இங்கிலாந்திலிருந்து அந்த வைபவத்துக்கு வந்திருந்தார். சமஸ்கிருதத்தில் பண்டிதை என்று கல்கத்தா அறிஞர்களாலேயே பட்டம் பெற்றவர். ஆனந்தி இந்துவாகவே இருப்பேன் என்று செராம்பூரில் சொன்ன அதே 1883 இல், இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஒருவர் நின்ற இடத்தில் நின்றார், மற்றவர் மனம் சொன்ன வழியே மாறினார். இருவரும் ஒருவரையொருவர் தள்ளி வைக்கவில்லை. ஆனால் நாட்டில் ஆனந்தியைப் போற்றிய பலர் ரமாபாயைத் தூற்றினார்கள். ஆனந்திக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு, அவர் வைத்தியம் படித்ததற்கு அல்ல, மதம் மாறாததற்குக் கிடைத்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. ரமாபாய் தங்கிவிட்டு 1887 இல் பிலடெல்பியாவில் வெளியிட்ட உயர்சாதி இந்துப் பெண் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவர் பொட்லி. அதில் ஆனந்தியின் கதையைத்தான் அவர் சொன்னார்.

கோபால்ராவும் பட்டமளிப்புக்கு வந்திருந்தார். அமெரிக்கரின் பழக்கவழக்கங்களையும் மதத்தையும் கூட்டங்களில் கிண்டல் செய்து, மனைவிக்கு உதவிய நல்ல மனிதர்களுக்குச் சங்கடத்தை உண்டாக்கினார். இதே கோபால்ராவ், மனைவி இறந்து சில ஆண்டுகளில், 1891 இல், தாமே ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர் பிராயச்சித்தம் செய்து திரும்பினார் என்பது சிரிப்பதா அழுவதா என்று தெரியாத சங்கதி.

கோலாப்பூர் சமஸ்தானத்தில் ஆல்பர்ட் எட்வர்ட் வைத்தியசாலையின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பான வைத்தியர் என்ற நியமனம் அவருக்காகக் காத்திருந்தது. 1886 ஒக்டோபரில் அமெரிக்காவிலிருந்து புறப்படும்போதே கயரோகம் அவரை உருக்கிவிட்டிருந்தது. ரொபேர்ட் கொக் அந்தக் கிருமியை 1882 இல் கண்டறிந்திருந்தார். அதைக் கொல்லும் ஸ்ரெப்ரோமைசின் வர 1940கள் ஆயின. சைவ உணவால்தான் இறந்தார் என்றும், கடல் தாண்டிய பாவத்தால் இறந்தார் என்றும் இருதரப்பிலும் சொன்னவர்கள் உண்டு. இரண்டும் சரியில்லை. எதைச் சாப்பிட்டிருந்தாலும் அன்று அவரைக் குணப்படுத்த மருந்து இல்லை. கொஞ்சம் கதகதப்பும், கொஞ்சம் ஓய்வும், சமைத்துக் கொடுக்க ஒருவரும் இருந்திருந்தால் இன்னும் சில காலம் தாங்கியிருக்கலாம் என்பதைவிட அதிகமாக நம்மால் சொல்ல முடியாது.

1887 பெப்ரவரி 26 இல் பூனாவில் ஆனந்திபாய் காலமானார். இருபத்திரண்டு வயதாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. கோலாப்பூரில் அவர் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை.

படத்தில் இருந்த மற்ற இருவரும் நீண்ட காலம் வாழ்ந்தார்கள். ஒகாமி தோக்கியோ திரும்பி வைத்தியசாலையில் பணியாற்றினார். பேரரசர் ஒரு பெண் வைத்தியர் தம்மைக் கவனிப்பதை ஏற்காதபோது பதவியைத் துறந்தார். இஸ்லாம்பூலி டமஸ்கசுக்குத் திரும்பிப் பின்னர் கெய்ரோவில் வாழ்ந்தார். இருவரும் மறைந்தது 1941 இல்.

ஆனந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை கோபால்ராவ் அமெரிக்காவுக்கு அனுப்பினார். கார்பென்ரர் மாமி அதைத் தம் குடும்பக் கல்லறை நிலத்திலேயே, நியூயோர்க் மாநிலத்தில் பூகீப்சி என்ற ஊரில், அடக்கம் செய்து கல் நாட்டினார். கல்வி தேடி இந்தியாவை விட்டு வந்த முதல் பிராமணப் பெண் என்ற செய்தி அதில் பொறித்திருக்கிறது. சுற்றிலும் கிறிஸ்தவக் கல்லறைகள். நமது சங்கத்தின் வட அமெரிக்கக் கிளைச் சகோதரிகளுக்கு, நியூயோர்க் நகரிலிருந்து ரயிலில் ஹட்சன் ஆற்றோரமாகப் போகும் வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது.